அப்டேட் போட்டதும் லோகோவிலேயே நிற்கும் டேப்: உங்களுக்கு எப்படி?

குடக்காரன் (களக்காடு பக்கம்) | திங்கள், காலை 6:42

எல்லாருக்கும் வணக்கம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தீபாவளிச் சமயத்தில் நெல்லை ஜங்ஷன், பாளை, தென்காசி என்று எந்தக் கடையில் கேட்டாலும் ஒரு 10 அங்குல டேப்பை எடுத்து நீட்டினார்களே, அதுதான் எங்களிடம் இருப்பது. கம்பெனி பேர் வேண்டாம், வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். 32 ஜிபி மாடல்.

என் தாய்மாமா வில்லுப்பாட்டு அண்ணாவி, அதாவது குழுவின் தலைமைப் பாடகர். நான் அவருக்குக் குடம் அடிக்கிறேன். அவர் பாடிவரும் ஏடுகளை (பனையோலை இல்லை, நீளக் கணக்கு நோட்டு) போன வருஷம் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து இந்த டேப்பில் ஏற்றினேன். 412 பக்கம். மேடையில் வில்லுக்கு முன்னால் ஒரு பலகையில் சாய்த்து வைத்துவிட்டால் மாமாவுக்குக் கண்ணாடிகூடத் தேவைப்படாது, விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்வார். அது போக, அவர் பாடிய பதிவுகள் ஒரு 60 இருக்கும்.

சனிக்கிழமை ராத்திரி 'புதிய மென்பொருள் தயார்' என்று வந்தது. ஆண்ட்ராய்டு 13இலிருந்து 14. ராத்திரி 2 மணிக்குத் தானாகப் போட்டுக்கொள்கிறேன் என்றது. சரி என்று அமுக்கிவிட்டுப் படுத்தேன். நடுவில் ஒரு தடவை கரண்ட் போய் வந்தது. காலையில் பார்த்தால் கம்பெனி லோகோ. ஞாயிறு முழுக்க லோகோ. இப்போதும் லோகோதான்.

வெள்ளிக்கிழமை சுடலைமாடன் கோயில் கொடை, அதாவது திருவிழா. வியாழன் ராத்திரி, கொடையின் தொடக்கமான குடியழைப்புக்கே வில்லு உண்டு. ஜங்ஷனில் ஒரு கடையில் காட்டினேன். ரீசெட் போட்டால் சரியாகும், 500 ரூபாய், உள்ளே இருப்பது போய்விடும் என்றார். பக்கத்துக் கடைக்காரர், ரீசெட் போட்டபிறகு உள்ளே இருந்ததை மீட்டுத் தருகிறேன், 3000 ரூபாய் என்கிறார். நம்பலாமா? இதே அப்டேட்டைப் போட்டவர்கள் சொல்லுங்கள்.

பாளைப் பறவை | திங்கள், காலை 7:05

அதே டேப், 64 ஜிபி மாடல். போன வாரமே போட்டாயிற்று. 35 நிமிஷம், ஒரு பிசகும் இல்லை. யூடியூப் முன்னைவிடச் சீக்கிரம் திறப்பது போல இருக்கிறது, என் நினைப்பாகவும் இருக்கலாம். முதல் இரண்டு நாள் பேட்டரி மளமளவென்று இறங்கியது. மூன்றாம் நாள் பழையபடி ஆகிவிட்டது. உங்கள் டேப்பிலேயே ஏதோ கோளாறு இருந்திருக்கும். அப்டேட் மேல் பழி போட வேண்டாம்.

சும்மா வந்தவன் | திங்கள், காலை 7:20

திருநெல்வேலிக்காரனுக்கே அல்வா கொடுத்துவிட்டதா கம்பெனி!

வேண்டாம்வே (திசையன்விளை) | திங்கள், காலை 7:31

இந்த அல்வா ஜோக்கை இன்னும் எத்தனை காலத்துக்கு ஓட்டுவீர் வே? எங்கள் ஊரில் அல்வா கொடுத்தால் மரியாதை செய்கிறோம் என்று அர்த்தம்.

விஷயத்துக்கு வருகிறேன். ஓடுகிற வண்டியில் கை வைக்கக் கூடாது. நான் டேப் வாங்கி 4 வருஷம் ஆகிறது, ஒரு அப்டேட்டும் போட்டதில்லை. முருங்கைக்காய் விலை பார்க்க, கணக்கு எழுத, ராத்திரி ஒரு படம் பார்க்க. எல்லாம் நடக்கிறது. அறிவிப்பு வந்தால் தள்ளிவிட்டுச் சோலியைப் பார்ப்பேன்.

வண்ணார்பேட்டை மெக்கானிக் | திங்கள், காலை 8:10

குடக்காரன் தம்பி, ரீசெட்டை மட்டும் யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் கடைக்காரர் உண்மையைச் சொல்லியிருக்கிறார். இரண்டாவது ஆள் சொன்னது நடக்காது. இப்போது வரும் டேப்பில் உள்ளே இருப்பது எல்லாம் மறையாக்கம் செய்துதான் சேமிக்கப்படுகிறது. ரீசெட் போட்டால் அதைத் திறக்கும் சாவியையே உருக்கிவிட்ட மாதிரி. அப்புறம் சிப்பைக் கழற்றி எந்த மெஷினில் வைத்தாலும் குப்பைதான் வரும். 3000 ரூபாயும் போகும், ஏடும் போகும்.

மூன்று கேள்வி. ஒன்று, லோகோ அசையாமல் நிற்கிறதா, அணைந்து அணைந்து திரும்ப வருகிறதா? இரண்டு, அப்டேட் போடும்போது காலி இடம் எவ்வளவு இருந்தது? மூன்று, பவர் பட்டனையும் சத்தம் கூட்டும் பட்டனையும் சேர்த்து ஒரு 15 விநாடி பிடித்தால் கறுப்புத் திரையில் பொடி எழுத்தில் ஒரு பட்டியல் வருகிறதா?

பட்டியல் வந்தால் சந்தோஷம். ஆனால் அதில் 'வைப் டேட்டா' என்று ஒரு வரி இருக்கும், அதுதான் ரீசெட். விரல் அந்தப் பக்கமே போகக் கூடாது. அந்தப் பட்டியலில் கீழே இறங்கச் சத்தம் குறைக்கும் பட்டன், தேர்ந்தெடுக்கப் பவர் பட்டன். சும்மா பார்க்கிறேன் என்று பவரை அமுக்கி ரீசெட் ஆக்கியவர்கள் நிறையப் பேர்.

அம்பை வாத்தியார் | திங்கள், காலை 8:48

என் கதை இரண்டிலும் சேராது. ராத்திரி அப்டேட் போடச் சொல்லிவிட்டுத் தூங்கினேன். விடியற்காலையில் எழுந்து பார்த்தால் அதே பழைய 13. 'புதுப்பிக்க இயலவில்லை' என்று ஒரே ஒரு வரி. இரண்டாம் முறை போட்டேன், லோகோ இரண்டு மூன்று தரம் வந்து வந்து போயிற்று, திரும்பவும் 13. உள்ளே ஒன்றும் போகவில்லை. பத்தாம் வகுப்புக் கேள்வித்தாள் எல்லாம் அப்படியே இருக்கிறது. ஏன் இப்படி என்று யாராவது சொன்னால் பசங்களிடமும் சொல்லலாம்.

நெல்லை டு சென்னை | திங்கள், காலை 9:30

வாத்தியார் சார், உங்கள் டேப் நல்லபடியாகத்தான் நடந்துகொண்டிருக்கிறது. ஆண்ட்ராய்டு 7 வந்த 2016 முதல் ஒரு ஏற்பாடு உண்டு. சிஸ்டத்துக்கு இரண்டு அறை. நீங்கள் ஓர் அறையில் குடியிருக்கும்போதே அடுத்த அறையில் புதிய பதிப்பைக் கட்டிவிடும். ரீஸ்டார்ட் செய்தால் புது அறைக்குக் குடி மாற்றம். அங்கே சில தடவை முயன்றும் எழும்ப முடியவில்லை என்றால் தானாகப் பழைய அறைக்கே திரும்பிவிடும். உங்களுக்கு லோகோ வந்து வந்து போனது அந்த முயற்சிகள்தான்.

இரண்டு அறை என்றால் இடம் இரட்டிப்பாகத் தேவை. அதனால் ஆண்ட்ராய்டு 11இல் கொஞ்சம் மாற்றினார்கள். இரண்டாவது அறைக்கென்று நிரந்தரமாக இடம் ஒதுக்காமல், மாறிய பகுதிகளை மட்டும், தேவைப்பட்டால் உங்கள் படமும் பாட்டும் இருக்கும் இடத்திலேயே ஓர் ஓரத்தில் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும். புதிய பதிப்பு ஒழுங்காக எழும்பிய பிறகு பழையதோடு கலந்துவிடும். கலக்க ஆரம்பித்துவிட்டால் பிறகு பழையதற்குத் திரும்ப முடியாது. மெக்கானிக் அண்ணாச்சி காலி இடத்தைக் கேட்டது இதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

கரண்ட் போனதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. டேப்புக்குத்தான் பேட்டரி இருக்கிறதே. கரண்ட் போனால் வைஃபைதான் போகும், தரவிறக்கம் நிற்கும், வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். முழுக்க இறங்கிச் சரிபார்த்த பிறகுதான் அந்தப் பதிப்புக்கே மாறும்.

குடக்காரன் | திங்கள், பகல் 12:15

அண்ணாச்சி, வரிசையாகச் சொல்கிறேன். லோகோ ஒரு 3 நிமிஷம் நிற்கிறது, அணைகிறது, திரும்ப வருகிறது. பட்டியல் வந்தது. வைப் டேட்டா என்ற வரியைப் பார்த்ததும் கை நடுங்கிவிட்டது, பவரை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டேன். காலி இடம் சரியாக நினைவில்லை, 1 ஜிபிக்கும் கீழே. மாமா நாலு வில்லுப்பாட்டுக் குழுவின் வாட்ஸாப்பில் இருக்கிறார். ஊர் ஊராக நடக்கும் கொடை வீடியோ எல்லாம் இதில்தான் வந்து இறங்கும். அழித்தால் கோபம் வரும்.

இன்னொன்று. மாமா பேத்திக்குத் தனிக் கணக்கு வைத்திருக்கிறோம், பாட்டு பார்க்க. அதனால் ஏதும் இருக்குமா?

நெல்லை டு சென்னை | திங்கள், பகல் 1:02

நல்ல கேள்வி. 2023 அக்டோபரில் ஆண்ட்ராய்டு 14 வந்த புதிதில் கூகுளின் பிக்சல் கருவிகளில் ஒன்றுக்கு மேற்பட்ட பயனர் கணக்கு வைத்திருந்தவர்களுக்குச் சேமிப்பகம் பூட்டிக்கொண்டது. சிலருக்குக் கருவி திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆனது. ஆனால் அதைப் பிறகு சரிசெய்துவிட்டார்கள், உங்களுடையது வேறு கம்பெனி. என் சந்தேகம் இடப் பற்றாக்குறை மேல்தான். புதிய பதிப்பு முதன்முறை எழும்பும்போது ஒவ்வொரு ஆப்புக்கும் ஏதாவது எழுதி வைக்கும். எழுத இடம் இல்லாவிட்டால் விழுந்து, திரும்ப எழுந்து, திரும்ப விழும்.

பாளைப் பறவை | திங்கள், பகல் 1:40

இதற்குத்தான் பணத்தைப் பார்க்காமல் ஆப்பிள் வாங்க வேண்டும் என்பது. 

நெல்லை டு சென்னை | திங்கள், பகல் 2:05

2016 மே மாதம் ஐஓஎஸ் 9.3.2 வந்தபோது 9.7 அங்குல ஐபேட் ப்ரோ சில 'பிழை 56' என்று சொல்லிச் செங்கல்லாகிவிட்டன. ஆப்பிள் அந்த மாடலுக்கு மட்டும் அப்டேட்டை நிறுத்திவைத்து அடுத்த மாதம் திருத்தி வெளியிட்டது. 2024 செப்டம்பரில் ஐபேட்ஓஎஸ் 18, புத்தம் புதிய எம்4 ஐபேட் ப்ரோ சிலவற்றைப் படுக்க வைத்தது, அதையும் நிறுத்திவைத்தார்கள். கூகுள் பேரில் வந்த 2012 நெக்சஸ் 7 டேப், 2014 கடைசியில் ஆண்ட்ராய்டு 5 போட்ட பிறகு நத்தையாகிப் போனது பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். என்னிடமும் ஒன்று இருந்தது, கடைசியில் சமையலறையில் கடிகாரமாக நின்றது.

விலைக்கும் இதற்கும் முடிச்சுப் போட வேண்டாம் என்பதற்காகச் சொன்னேன்.

கல்லிடைத் தாத்தா | திங்கள், மாலை 4:30

எனக்கு அப்டேட் ஒழுங்காகப் போட்டுக்கொண்டது. ஆனால் மூன்று மனக்குறை. முதலாவது, திரையின் அடியில் வரிசையாகப் படங்கள் போட்டு ஒரு பட்டை வந்து உட்கார்ந்திருக்கிறது. செய்தித்தாள் படிக்கும்போது கடைசி வரியில் கை வைத்தால் வேறு எங்கோ போகிறது. இரண்டாவது, தட்டச்சுப் பலகை தமிழை மறந்துவிட்டது. 6 மாதம் பழக்கி வைத்திருந்தேன், வெறும் ஆங்கிலம் காட்டுகிறது. மூன்றாவது, பேரன் சொந்தக்காரர் குரலை எல்லாம் பதிந்து வைத்திருந்தான், அது இருந்த இடத்தில் இல்லை.

இதை எழுதுவது எதிர்வீட்டுப் பிள்ளையின் போனில்.

நெல்லை டு சென்னை | திங்கள், மாலை 5:12

ஐயா, அந்தப் பட்டை பெரிய திரைகளுக்கென்று 2022இல் ஆண்ட்ராய்டு 12எல் பதிப்பில் வந்தது. பல டேப்புகளில் அதன் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் மறையும். தமிழ் போகவில்லை, செட்டிங்ஸில் மொழிகள் பகுதிக்குள் பட்டியலிலிருந்து விழுந்திருக்கும், திரும்பச் சேர்த்தால் போதும். குரல் பதிவும் பெரும்பாலும் அதே இடத்தில்தான் இருக்கும். ஆண்ட்ராய்டு 11 முதல் ஒரு ஆப்பின் கோப்புகளை இன்னொரு ஆப் எட்டிப் பார்க்க விடுவதில்லை. பதிவு செய்த அதே ஆப்பைத் திறந்து பாருங்கள், இல்லாவிட்டால் கேபிள் போட்டுக் கணினியில் பாருங்கள். அந்த ஆப்பை மட்டும் நீக்கிவிடாதீர்கள், கூடவே பதிவும் போய்விடலாம்.

தையல் அக்கா (மேலப்பாளையம்) | திங்கள், இரவு 9:50

மெக்கானிக் அண்ணன் சொன்னதை நான் மூன்று வாரம் முன்னால் படித்திருக்கக் கூடாதா?

எனக்கும் இதே லோகோதான் வந்தது. கடையில் கொடுத்தோம், பையன் என்னைக் கேட்காமலே ரீசெட் போட்டுவிட்டான். 'அக்கா, ஆன் ஆகிவிட்டது' என்று சிரித்துக்கொண்டே நீட்டினான். 200க்கு மேற்பட்டவர்களின் அளவு அதில் இருந்தது. தோள், கை, கழுத்து இறக்கம், யாருக்கு எந்தப் பக்கம் கொக்கி, எல்லாம் படத்தோடு. நோட்டில் எழுதுவதை நிறுத்தி ஒன்றரை வருஷம் ஆகிறது. இப்போது வருகிறவர்களிடம் எல்லாம் 'கொஞ்சம் நில்லுங்கள், இன்னொரு தடவை அளந்துவிடுகிறேன்' என்கிறேன். சிலர் 'நான் குண்டாகிவிட்டேனா?' என்று கேட்கிறார்கள்.

அதோடும் முடியவில்லை. ஆன் ஆன டேப் பழைய ஜிமெயிலைக் கேட்டது. அது என் மகன் வாங்கிய அன்று அவசரத்தில் உண்டாக்கியது. அவன் இப்போது வெளிநாட்டில். பாஸ்வேர்டு அவனுக்கும் மறந்துவிட்டது. 8 நாளாக டேப் சும்மா கிடக்கிறது.

வண்ணார்பேட்டை மெக்கானிக் | திங்கள், இரவு 10:20

கேட்காமல் ரீசெட் போட்டது பெரிய தப்பு அக்கா. எங்கள் தொழிலில் அது கூடவே கூடாது. ஜிமெயில் கேட்பது திருட்டுப் பொருளை யாரும் ரீசெட் போட்டு விற்றுவிடாமல் இருக்க வைத்த பூட்டு. ஆண்ட்ராய்டு 5.1இல், 2015 முதல் இருக்கிறது. உடைத்துத் தருகிறேன் என்று சொல்பவர்களிடம் கொடுக்காதீர்கள். மகனுடைய போன் எண்ணோ வேறு மெயிலோ மீட்பு வழியாகக் கொடுத்திருந்தால் அந்த வழியில் புதுப் பாஸ்வேர்டு போடலாம். எல்லாரும் இப்போதே ஒரு தரம் செட்டிங்ஸுக்குப் போய் டேப்பில் எந்த ஜிமெயில் இருக்கிறது என்று பார்த்து, காலண்டருக்குப் பின்னால் எழுதி வையுங்கள்.

குடக்காரன் தம்பி, நாளை காலை கடைக்கு வாருங்கள். வரும்போது டேப்போடு வந்த ஒரிஜினல் கேபிளைக் கொண்டுவாருங்கள்.

வேண்டாம்வே | திங்கள், இரவு 10:41

பார்த்தீர்களா? நான் சொன்னதுதான். போடாதே, கெடாது.

அம்பை வாத்தியார் | திங்கள், இரவு 11:05

போடாவிட்டாலும் கெடும் தம்பி. பாதுகாப்புத் திருத்தம் நின்றுபோன டேப்பில் பாங்கு வேலை செய்வது பூட்டாத கதவில் பீரோ வைப்பது. அப்புறம், நீங்கள் எதையும் தொடாவிட்டாலும் உள்ளே இருக்கும் ஆப்கள் தாமாகப் புதுப்பித்துக்கொள்ளும். 2021 மார்ச்சில் ஒரு நாள் ஆண்ட்ராய்டு போன்களில் ஜிமெயில் முதல் பாங்கு ஆப் வரை தானாக மூடிக்கொண்டே இருந்ததே, அது சிஸ்டம் அப்டேட்டால் வந்ததில்லை. வெப்வியூ என்ற ஒரு சின்ன உறுப்பின் அப்டேட் செய்த வேலை. அன்றைக்கு அந்த ஒன்றை மட்டும் பழையதற்கு மாற்றினால் எல்லாம் ஓடியது. எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் எனக்கு அன்று ஒரு நாள் மட்டும் இன்ஜினியர் மரியாதை கிடைத்தது.

குடக்காரன் | செவ்வாய், மாலை 6:30

டேப் எழுந்துவிட்டது!!!

விவரமாக எழுதுகிறேன், இன்னொருவருக்கு உதவும். காலையில் வெள்ளன பஸ் ஏறி, புது பஸ் ஸ்டாண்டில் இறங்கி வண்ணார்பேட்டை போய்ச் சேரும்போது 9 மணி. அண்ணாச்சி முதலில் டேப்பை எழுப்பும்போதே சத்தம் குறைக்கும் பட்டனைப் பிடித்து சேஃப் மோடுக்குக் கொண்டுபோகப் பார்த்தார். அதில் நாம் ஏற்றிய ஆப்கள் எழும்பாது, அதனால் சில சமயம் உள்ளே நுழைந்துவிடலாம் என்றார். வரவில்லை.

அப்புறம் அந்தக் கறுப்புப் பட்டியலுக்குப் போய் 'அப்ளை அப்டேட் ஃப்ரம் ஏடிபி' (கணினியிலிருந்து கேபிள் வழியாக அப்டேட் ஏற்றுவது) என்ற வரியைத் தேர்ந்தெடுத்தார். கம்பெனி தளத்திலிருந்து அதே மாடலுக்கான முழு அப்டேட் கோப்பை ஏற்கெனவே இறக்கி வைத்திருந்தார். இந்த வழியில் சிஸ்டம் மட்டும்தான் புதிதாக எழுதப்படும், நம் கோப்புகள் இருக்கும் பகுதியைத் தொடாது. கணினியில் இணைத்தால் டேப்பைக் கண்டுகொள்ளவே இல்லை. நான் கொண்டுபோனது ஒரிஜினல் கேபிள் இல்லை, வீட்டில் எல்லாக் கேபிளும் ஒரே மாதிரி வெள்ளை. அது சார்ஜுக்கு மட்டும் ஆனதாம். அண்ணாச்சி ஒன்றும் சொல்லாமல் மேசை டிராயரிலிருந்து வேறொன்றை எடுத்தார். அதன்பிறகு டிரைவர் (டேப்போடு பேசக் கணினிக்கு வேண்டிய மென்பொருள்) இல்லை என்றது. அதற்கு அரை மணி.

ஒருவழியாக ஏற ஆரம்பித்தது. 10, 20, 40... 47 சதவீதத்தில் நின்றது. நிற்கிறது, நிற்கிறது. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அண்ணாச்சி டீ குடித்துக்கொண்டே 'அது அப்படித்தான் தம்பி, 47இல் முடிந்துவிடும்' என்கிறார். உண்மையிலேயே கணினியில் 47ஓடு முடிந்து, டேப் திரையில் வெற்றி என்று வந்தது.

ரீஸ்டார்ட் போட்டார். லோகோ. 5 நிமிஷம், 10 நிமிஷம். நான் கையை நீட்டினேன், தட்டிவிட்டார். 18 நிமிஷம் கழித்துப் பூட்டுத் திரை வந்தது. மாமா பேத்தி படம். 'சேமிப்பிடம் தீர்ந்துவிட்டது' என்று மேலே சிவப்பு எழுத்து, காலி இடம் 190 எம்பி.

வேறு எதையும் தொட விடவில்லை. ஓடிஜி (பென் டிரைவை டேப்பில் செருக உதவும் இணைப்பு) போட்டு ஏடு 412 பக்கத்தையும் பாட்டுப் பதிவுகளையும் ஒரு பென் டிரைவில் எடுத்தோம், இன்னொரு நகல் என் போனில். அதன்பிறகுதான் வாட்ஸாப் வீடியோவில் கை வைத்தோம். 11 ஜிபி. மாமாவிடம் போனில் கேட்டேன். 'கொடை முடியட்டும்ல, பைய அழிக்கலாம்' என்றார். அழித்துவிட்டுத்தான் கேட்டேன் என்பதை இன்னும் சொல்லவில்லை.

வண்ணார்பேட்டை மெக்கானிக் | செவ்வாய், இரவு 8:15

தம்பி எழுதியது சரி. ஆனால் எல்லாருடைய டேப்பிலும் இது பலிக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சில கம்பெனிகள் முழுக் கோப்பை வெளியில் கொடுப்பதே இல்லை. மாடல் எண்ணில் ஓர் எழுத்து மாறினாலும் வேறு கோப்பு, அதை ஏற்றப் பார்க்காதீர்கள். பழைய பதிப்பை ஏற்றித் திரும்பலாம் என்றும் பலர் முயல்கிறார்கள். பின்னோக்கிப் போக விடாத தடுப்பு உள்ளே இருந்தால் மொத்தமாக நின்றுவிடும்.

இந்த அப்டேட்டுக்குப் பிறகு என் மேசைக்கு இதே டேப் 7 வந்திருக்கிறது. அதில் 6 டேப் 32 ஜிபி மாடல், எல்லாம் நிரம்பி வழிந்தவை. ஏழாவது தண்ணீரில் விழுந்தது, அதை அப்டேட் கணக்கில் சேர்க்கக் கூடாது, ஆனால் கொண்டுவந்தவர் அப்டேட் என்றுதான் சொன்னார்.

நெல்லை டு சென்னை | செவ்வாய், இரவு 8:40

47 சதவீதத்துக்கு ஒரு விளக்கம். கணினி, கோப்பின் அளவை வைத்து ஒரு தோராயக் கணக்கில் சதவீதம் போடுகிறது. டேப் சில துண்டுகளை இரண்டு தரம் கேட்கும் என்று எதிர்பார்க்கிறது, கேட்காவிட்டால் பாதியிலேயே முடிந்த மாதிரி தெரியும். பயப்படுவதற்கு ஒன்றும் இல்லை.

இடம் தீர்ந்தும் இந்தத் தடவை ஏன் எழும்பியது என்பது எனக்குப் புதிராகத்தான் இருக்கிறது அண்ணாச்சி. முதல் தடவை பாதியில் விட்டிருந்த தற்காலிகத் துண்டுகள் விலகி 200 எம்பி கிடைத்திருக்கலாம்.

வண்ணார்பேட்டை மெக்கானிக் | செவ்வாய், இரவு 8:52

இருக்கலாம் தாயி. எழும்பிய டேப்பை ஏன் எழும்பினாய் என்று நான் கேட்பதில்லை.

பாளைப் பறவை | செவ்வாய், இரவு 9:10

முதல் நாள் டேப்பைக் குறை சொன்னதற்கு மன்னிக்கவும் குடக்காரன். என்னுடையதில் 40 ஜிபி காலியாக இருந்தது. அதனால்தான் தப்பித்தேன் போலிருக்கிறது.

வேண்டாம்வே | புதன், காலை 10:05

சிரிக்காமல் பதில் சொல்ல வேண்டும். இன்று காலை முதல் பாங்கு ஆப் திறக்கவில்லை. 'உங்கள் கருவியின் பதிப்பு பழையது' என்கிறது. 4 வருஷ அப்டேட்டையும் ஒரே நாளில் போட முடியுமா?

அம்பை வாத்தியார் | புதன், காலை 10:30

சிரிக்கவில்லை. (கொஞ்சம்.) ஒவ்வொன்றாகத்தான் வரும். ஒன்று முடிந்து ஒரு நாள் ஓடவிட்டு அடுத்ததைப் போடுங்கள். முதலில் கணக்கு நோட்டை வெளியே எடுத்து வையுங்கள். என்னுடையதும் நேற்று 14 ஆகிவிட்டது. 9 ஜிபி காலி செய்த பிறகு ஒரே தடவையில் போட்டுக்கொண்டது.

தையல் அக்கா | புதன், இரவு 9:15

மகன் பழைய போன் எண் வழியாகப் பாஸ்வேர்டு மாற்றிவிட்டான். டேப் திறந்துவிட்டது. உள்ளே வெறுமை. நான் திரும்ப நோட்டு வாங்கிவிட்டேன், 200 பக்கம்.

குடக்காரன் | சனி, பகல் 11:40

கொடை நல்லபடியாக முடிந்தது. தூங்கி எழுந்து எழுதுகிறேன். குரல் இல்லை, கை இரண்டும் வீங்கியிருக்கிறது.

குடியழைப்பு அன்று டேப் ஒரு தொந்தரவும் தரவில்லை. வெள்ளி ராத்திரி சாமக் கொடை. மாமா கதையின் உச்சத்தில் நிற்கிறார், கோயிலுக்குள் சாமி ஆட ஆரம்பித்துவிட்டது, உடுக்கையும் தாளமும் ஏறுகிறது. அந்த நேரத்தில் ஏட்டின் நடுவில் ஒரு வெள்ளைப் பெட்டி: 'பாதுகாப்புப் புதுப்பிப்பு தயார். இப்போதே நிறுவவா?' கீழே இருக்கும் நாலு வரி மறைந்துபோயிற்று. மாமா பாட்டை நிறுத்தவில்லை. வில்லை அடிக்கும் வீசுகோல் நுனியால் அதைத் தள்ளினார். மரக்கோலுக்குத் திரை அசையுமா? இரண்டு தரம் தள்ளிவிட்டு, மறைந்த நாலு வரியையும் பார்க்காமலே பாடிவிட்டார். இடம் பாடுகிறவர் (பின்பாட்டுக்காரர்) ஒரு சொல்கூடத் தவறாமல் வாங்கிக்கொண்டார். நான் ஒரு கையால் குடத்தை அடித்துக்கொண்டே இன்னொரு கையை நீட்டி 'பின்னர்' என்பதை அமுக்கினேன்.

மேடையை விட்டு இறங்கியதும் மாமா கேட்ட முதல் கேள்வி, 'அந்த வீடியோ எல்லாம் எங்கலே?'

சும்மா வந்தவன் | சனி, பகல் 12:20

எனக்கும் இன்று அந்தப் பாதுகாப்புப் புதுப்பிப்பு வந்திருக்கிறது. 480 எம்பி. போடலாமா?

வண்ணார்பேட்டை மெக்கானிக் | சனி, பகல் 12:26

காலி இடம் எவ்வளவு?